8 பந்து, 29 ரன், மறுமுனையில் ஒரு பையன்

இந்த எபிசோடைத் தூத்துக்குடியில இருந்து பதிவு பண்றேன். ஜன்னலுக்கு வெளியே கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசையா போய்க்கிட்டிருக்கு. நடுவுல ஹாரன் சத்தம் வந்தா பொறுத்துக்குங்க. எழுத்துல படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின கேள்வி. ஐ.டி. வேலை, நைட் ஷிஃப்ட், டீம்ல பாதிப் பேர் அமெரிக்காவுல. அவங்களோட பேசிப் பேசியே பேஸ்பால் பைத்தியம் பிடிச்சிருச்சாம். 2025 அக்டோபர் 17-ஆம் தேதி ஷோஹெய் ஒட்டானி ஒரே ஆட்டத்துல 3 ஹோம் ரன் அடிச்சார். அதே ஆட்டத்துல பந்தும் வீசி, 10 பேரை ஸ்ட்ரைக்-அவுட் பண்ணி, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கலை. அதுவும் லீக் ஆட்டம் இல்லை, வேர்ல்ட் சீரிஸுக்குப் போறதா வீட்டுக்குப் போறதான்னு தீர்மானிக்கிற கட்டம். கேள்வி இதுதான்: "நம்ம கிரிக்கெட்ல, நாக்-அவுட்ல, இந்த மாதிரி யாராவது பண்ணியிருக்காங்களா? நம்ம பக்கத்து ஆளுங்க யாராவது?"

பட்டுன்னு ஒரு பதில் சொல்லலாம். 1996 மார்ச் 17, லாகூர், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அரவிந்த டி சில்வா ஆஸ்திரேலியாவோட 3 விக்கெட் எடுத்தார், 2 கேட்ச் பிடிச்சார், அப்புறம் பேட்டோட வந்து 107 நாட் அவுட். கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்புக்காரர், நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு, எபிசோடை முடிச்சிடலாம்.

ஆனா கேள்வியைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது சதமோ மூணு விக்கெட்டோ இல்லை. வெறும் 29 ரன். அந்த 29-க்குப் பின்னாடி, ஸ்கோர்கார்டுல பூஜ்யம்னு பதிவான ஒரு பையன். அந்தப் பூஜ்யத்தைப் பத்திப் பேசத்தான் இந்த எபிசோட்.

முதல்ல பேஸ்பாலைக் கொஞ்சம் பார்த்துட்டு வந்துடுவோம். அமெரிக்காவுல ஒரு டீம் ஒரு சீசன்ல 162 ஆட்டம் ஆடுது. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கிட்டத்தட்ட தினமும். அவ்வளவு ஆட்டத்துல நல்லவன் யாரு, சுமார் யாருன்னு கணக்கு தெளிவா சொல்லிடும். அப்புறம் அக்டோபர் வரும். வரிசையா சின்னச் சின்ன நாக்-அவுட் தொடர்கள். அங்க அந்த 162 ஆட்டத்துக் கணக்கு சட்டுனு பேச்சை நிறுத்திடும்.

பில் மசரோஸ்கின்னு ஒருத்தர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஆட்டக்காரர். பேர் வாங்கினதெல்லாம் ஃபீல்டிங்ல. 17 சீசன் ஆடி மொத்தம் 138 ஹோம் ரன். அந்த உலகத்துல இது பெரிய எண்ணிக்கையே இல்லை. ஆனா 1960 அக்டோபர் 13-ஆம் தேதி, வேர்ல்ட் சீரிஸோட ஏழாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் 9-9. மசரோஸ்கி அடிச்ச பந்து சுவரைத் தாண்டிப் போச்சு. ஆட்டம் முடிஞ்சது, தொடரும் முடிஞ்சது. ஏழாவது ஆட்டத்தை ஒரே அடியில முடிச்சு வச்ச ஹோம் ரன் வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றுல அது ஒண்ணுதான். இதுல வேடிக்கை என்னன்னா, அந்தத் தொடர் முழுக்கக் கூட்டிப் பார்த்தா தோத்த நியூயார்க் யாங்கீஸ் எடுத்தது 55 ரன், ஜெயிச்ச பிட்ஸ்பர்க் எடுத்தது 27. தொடரோட சிறந்த ஆட்டக்காரர் விருதுகூட தோத்த அணியோட பாபி ரிச்சர்ட்சனுக்குத்தான் போச்சு. கணக்கு ஒரு பக்கம், கோப்பை இன்னொரு பக்கம்.

1988-ல கிர்க் கிப்சன். ரெண்டு காலும் சரியில்லை, நடக்கவே சிரமம். முதல் ஆட்டத்தோட கடைசியில ஒரே ஒரு தடவை பேட் பிடிக்க நொண்டிக்கிட்டே வந்தார். அடிச்சார், டாட்ஜர்ஸ் ஜெயிச்சது. அந்தத் தொடர்ல அவர் மறுபடி பேட்டையே தொடலை. மொத்தத் தொடருக்கும் ஒரே வாய்ப்பு, அந்த ஒண்ணு போதுமா இருந்தது.

இன்னொருத்தர் பிராக் ஹோல்ட். ஒரே ஆட்டத்துல சிங்கிள், டபுள், ட்ரிபிள், ஹோம் ரன் நாலையும் அடிச்சா அதுக்கு 'சைக்கிள்'னு பேர். லீக்ல வருஷத்துக்குச் சில தடவை நடக்கும். நாக்-அவுட்ல நூறு வருஷத்துக்கு மேல ஆடியும் ஒருத்தர்தான் செஞ்சிருக்கார். பேப் ரூத் இல்லை, ரெஜி ஜாக்சன் இல்லை. 2018 அக்டோபர் 8-ல பாஸ்டன் ரெட் சாக்ஸோட ஹோல்ட். அந்தத் தொடரோட முதல் ரெண்டு ஆட்டத்துல தொடக்க அணியிலேயே அவர் இல்லை. அவர் கடைசியா அடிச்ச ஹோம் ரன்னுக்குப் பந்து போட்டது உண்மையான பிட்சரும் இல்லை. யாங்கீஸ் தோக்கறது உறுதியான பிறகு, இருக்கிற பிட்சர்களை மிச்சம் பிடிக்க ஒரு கேட்சரைப் பந்து போட நிறுத்தியிருந்தாங்க. பந்து வீசறவர் முழுநேர ஆள் இல்லைங்கிற இந்த விஷயத்தை ஓரமா வச்சுக்குங்க, திரும்ப வரும்.

இப்போ கடலைத் தாண்டுவோம். தூத்துக்குடியில இருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். சென்னையைவிட இந்த ஊருக்குக் கிட்ட கொழும்புதான்னு வயசானவங்க சொல்வாங்க, மேப்பைப் பார்த்தா அது உண்மைன்னு தெரியும். 1876-ல ரயில் தூத்துக்குடிக்கு வந்தது, அதுக்கப்புறம் இலங்கைக்குப் போற கப்பலைப் பிடிக்கவே ஜனங்க இங்க வந்தாங்க. 1906-ல வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கினதும் இந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழியில வெள்ளைக்காரக் கம்பெனியோட மோதத்தான். 2011-ல பயணிகள் கப்பல் ஒண்ணு சில மாசம் ஓடி நின்னுபோச்சு. ஆனா இன்னைக்கும் வெளியே போற இந்த லாரியில இருக்கிற பெட்டிகள் பலது கொழும்புக்குப் போய்தான் பெரிய கப்பல் ஏறுது.

ஒரு சின்னத் துணுக்கு. பேஸ்பாலே ஒரு தடவை இந்தக் கடலோரம் வரைக்கும் வந்திருக்கு. 1888–89-ல ஆல்பர்ட் ஸ்பால்டிங்னு ஒரு விளையாட்டுச் சாமான் வியாபாரி, ரெண்டு அமெரிக்க அணிகளைக் கப்பல்ல ஏத்தி உலகத்தைச் சுத்திக் காட்டினார். ஆஸ்திரேலியா முடிச்சு எகிப்துக்குப் போற வழியில, 1889 ஜனவரி கடைசியில கொழும்புல இறங்கி ஒரு ஆட்டம் ஆடினாங்க. அப்புறம் பிரமிட் பக்கத்துலயும் ஒண்ணு. இந்தியாவுக்கு வராமலே போயிட்டாங்க. அன்னைக்கு ஒரு கப்பல் இந்தப் பக்கம் திரும்பியிருந்தா, உப்பளத்து ஓரத்துல நம்ம பசங்க இன்னைக்கு என்ன ஆடிக்கிட்டிருப்பாங்களோ. சரி, விஷயத்துக்கு வரேன்.

2018 மார்ச் 18, ஞாயித்துக்கிழமை. கொழும்பு பிரேமதாச ஸ்டேடியம். இலங்கைச் சுதந்திரத்தோட 70-ஆவது வருஷத்துக்காக நடந்த நிதஹாஸ் டிராபி. நிதஹாஸ்னா சிங்களத்துல சுதந்திரம். இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் மூணு அணி. இறுதி ஆட்டத்துக்கு இலங்கை வரலை. ரெண்டு நாள் முன்னாடி பங்களாதேஷ் அவங்களைக் கடைசி ஓவர்ல தோற்கடிச்சது. நடுவுல சண்டை, பங்களாதேஷ் கேப்டன் தன் ஆட்டக்காரர்களை வெளியே கூப்பிட்டது, ஜெயிச்சதும் பாம்பு டான்ஸ், எல்லாம் நடந்தது. அதனால இறுதி ஆட்டத்துல கொழும்புக் கூட்டம் முழுக்க இந்தியா பக்கம். இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

நான் அன்னைக்கு இதே ஊர்ல, பீச் ரோடு பக்கம் ஒரு டீக்கடையில டிவி முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். ஊர் அப்போ வேற ஒரு விஷயத்துல கொதிச்சுக்கிட்டிருந்த மார்ச் மாசம், உங்களுக்குத் தெரியும். பேச்செல்லாம் அதைப் பத்தித்தான். மேட்சை யாரும் பெருசா கவனிக்கலை, 17-ஆவது ஓவர் வரைக்கும்.

பங்களாதேஷ் 166. இந்தியாவுக்கு 167 வேணும். ரோஹித் சர்மா 56 அடிச்சுட்டுப் போயிட்டார். 18-ஆவது ஓவர் போட முஸ்தாஃபிஸுர் ரஹ்மான் வந்தார். எதிர்ல விஜய் சங்கர். திருநெல்வேலியில பிறந்தவர், சென்னையில வளர்ந்தவர், சர்வதேச ஆட்டத்துக்குப் புதுசு. முஸ்தாஃபிஸுரோட கட்டர் எங்க போகுதுன்னே அவருக்குப் பிடிபடலை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பேட் சுத்துது, பந்து படலை. டீக்கடையில ஒருத்தர் "எல, தொட்டாவது விடுடா"ன்னு கத்தினார். அஞ்சாவது பந்துல ஒரு லெக் பை. ஆறாவது பந்துல மறுமுனையில இருந்த மனீஷ் பாண்டே அவுட். இறுதி ஆட்டத்தோட 18-ஆவது ஓவர்ல பேட்டுல இருந்து ஒரு ரன்கூட வரலை, ஒரு விக்கெட் போச்சு.

மீதி 12 பந்து, 34 ரன். தினேஷ் கார்த்திக் உள்ள வர்றார், ஏழாவது ஆளா.

ஏழாவதுங்கிறதுல ஒரு கதை இருக்கு. தனக்கு முன்னாடி விஜய் சங்கரை அனுப்பினதுல கார்த்திக்குக்கு வருத்தம். இதை மேட்ச் முடிஞ்சதும் ரோஹித்தே வெளிப்படையா சொன்னார். கடைசி மூணு நாலு ஓவருக்குக் கார்த்திக்கோட ஆட்டம் தேவைப்படும்னு தான் நிறுத்தி வச்சதாவும் சொன்னார். கார்த்திக் நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க. 2004-ல, தோனிக்குச் சில மாசம் முன்னாடி இந்தியாவுக்கு ஆட வந்தவர். 2006-ல இந்தியா ஆடின முதல் டி20 சர்வதேச ஆட்டத்துல அவர்தான் ஆட்ட நாயகன். அதுக்கப்புறம் 12 வருஷம் உள்ள வெளியே, உள்ள வெளியே. அப்படிப்பட்டவரை வெளியே உட்கார வச்சுட்டு, புதுப் பையன் நாலு பந்தை விடறதைப் பார்க்க வச்சிருக்காங்க.

19-ஆவது ஓவர், ருபெல் ஹுசைன். முதல் பந்து சிக்ஸ். ரெண்டாவது ஃபோர். மூணாவது சிக்ஸ். நாலாவது ஒண்ணுமில்லை. அஞ்சாவது ரெண்டு ரன். ஆறாவது ஃபோர். மொத்தம் 22. வந்த முதல் பந்தையே சிக்ஸ் அடிக்கிறது தைரியம் மட்டும் இல்லை. ஃபீல்டிங் எங்க நிக்குது, பந்து எங்க விழப்போகுதுன்னு வெளியே உட்கார்ந்து கணக்குப் போட்டவர் அடிக்கிற அடி அது.

கடைசி ஓவர், 12 ரன் வேணும். பங்களாதேஷுக்கு நல்ல பந்துவீச்சாளர்களோட ஓவர் தீர்ந்துபோச்சு. சௌம்யா சர்க்கார்கிட்ட பந்து போகுது. அடிப்படையில பேட்ஸ்மேன், எப்பவாவது பந்து போடுறவர். அந்த யாங்கீஸ் கேட்சரை ஞாபகம் வச்சிருக்கீங்கல்ல?

ஆனா சர்க்கார் நல்லாத்தான் போட்டார். முதல்ல ஒரு வைடு. அப்புறம் விஜய் சங்கருக்கு ஒரு டாட் பால். அடுத்தது ஒரு ரன். கார்த்திக்கும் ஒரு ரன்தான் எடுக்க முடிஞ்சது. 3 பந்து, 9 ரன். விஜய் சங்கர் ஒரு ஃபோர் அடிச்சார். அதை யாரும் ஞாபகம் வச்சுக்கிறதில்லை. அது இல்லைன்னா இந்தக் கதையே இல்லை. 2 பந்து, 5 ரன். அடுத்த பந்தைத் தூக்கி அடிச்சார், கேட்ச். 19 பந்துல 17 ரன், தலையைக் குனிஞ்சுக்கிட்டே வெளியே போனார்.

இங்கதான் நிறுத்திக் கவனிக்கணும். பந்து மேல போய் கேட்ச் ஆகறதுக்குள்ள விஜய் சங்கரும் கார்த்திக்கும் பாதி தூரம் ஓடிக் கடந்துட்டாங்க. அன்னைக்கு இருந்த விதிப்படி, கடந்துட்டா மறுமுனைக்காரர்தான் அடுத்த பந்தைச் சந்திக்கணும். புதுசா வர்றவர் எதிர்ப்பக்கம் போய் நிப்பார். அதனால கடைசிப் பந்துக்குக் கார்த்திக் பேட் பிடிக்கிறார். 2022 அக்டோபர் 1-ல இருந்து அந்த விதி இல்லை. இப்போ கேட்ச்ல அவுட் ஆனா, கடந்தாலும் கடக்காட்டியும், புதுசா வர்ற ஆள்தான் அடுத்த பந்தை ஆடணும். அதே ஆட்டம் இன்னைக்கு நடந்தா, கடைசிப் பந்து, 5 ரன், கோப்பை எல்லாம் புதுசா உள்ள வந்த ஆள் தலையில விழும்.

அன்னைக்கு உள்ள வந்தவர் வாஷிங்டன் சுந்தர். வயசு 18. பேட் பண்ண வந்தார், ஆனா ஒரு பந்தும் ஆட வேண்டியிருக்கலை. (பேரைக் கேட்டு அமெரிக்க ஜனாதிபதின்னு நினைக்காதீங்க. அவங்க அப்பாவுக்குச் சின்ன வயசுல உதவின ஒரு முன்னாள் ராணுவக்காரர் பேர் அது. நன்றிக்காகப் பையனுக்கு வச்சார்.) பந்துவீச்சுல அந்தத் தொடரோட நாயகன் விருதே அவருக்குத்தான். ஆனா அந்த நிமிஷம் அவருடைய வேலை மறுமுனையில நிக்கிறது மட்டும்.

கடைசிப் பந்து. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, நல்லா முன்னாடி விழற பந்து. கார்த்திக் எக்ஸ்ட்ரா கவர் பக்கமா அடிச்சார். உயரமாப் போகலை, தட்டையா, கயித்தை உரசற மாதிரி போய் அந்தப் பக்கம் விழுந்தது. சிக்ஸ். இந்தியா 168, 4 விக்கெட் வித்தியாசத்துல வெற்றி. சூப்பர் ஓவர் வரும்னு நினைச்சு ரோஹித் உள்ள போய் பேடு கட்டிக்கிட்டிருந்தாராம். கடைசிப் பந்தை அவர் பார்க்கவே இல்லை. கார்த்திக் 8 பந்து, 29 நாட் அவுட்.

டீக்கடையில சர்க்கரை டப்பா கீழே விழுந்தது. யார் தட்டினாங்கன்னு தெரியாது, கடைக்காரரும் கேட்கலை.

1986-ல ஷார்ஜாவுல இதே மாதிரி இறுதி ஆட்டம், கடைசிப் பந்து, 4 ரன் வேணும். சேத்தன் சர்மா போட்டார், ஜாவித் மியான்தாத் சிக்ஸ் அடிச்சார். அந்த ஒரு பந்தை இந்தியா 30 வருஷத்துக்கு மேல மறக்கலை. ஆனா மியான்தாத் அன்னைக்கு 116 நாட் அவுட், ஆட்டம் முழுக்கத் தூக்கி வந்தவர். கார்த்திக் எட்டே பந்து ஆடினவர். கிப்சன் வகை.

சென்னைக்காரங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும், இல்லைன்னா சண்டைக்கு வருவீங்க. 1983 உலகக் கோப்பை இறுதியில ரெண்டு அணியிலயும் சேர்த்து அதிக ரன் அடிச்சது ஸ்ரீகாந்த். எவ்வளவு? 38. ரிச்சர்ட்ஸே 33-தான். லீக் ஆட்டத்துல 38 அடிச்சவரை அடுத்த நாள் பேப்பர் கண்டுக்காது. இறுதி ஆட்டத்துல அந்த 38 ஒரு தேசத்தோட கிரிக்கெட்டையே திருப்பிப் போட்டுருச்சு.

இப்போ தூத்துக்குடிக்குத் திரும்புவோம். ஏன்னா அந்தக் கடைசிப் பந்துக்குப் பிட்ச்ல நின்ன ரெண்டு பேருக்கும் இந்த ஊர்ப் பேர்ல ஒரு தொடர்பு இருக்கு.

2016-ல தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கினப்போ ஒரு அணியோட பேர் ஆல்பர்ட் தூத்தி பேட்ரியாட்ஸ். கார்த்திக் அந்த அணி, வாஷிங்டனும் அந்த அணி. முதல் சீசனோட கோப்பையே இவங்களுக்குத்தான். 2016 செப்டம்பர்ல, இறுதி ஆட்டத்துல சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்துல அடிச்சாங்க. 20 ஓவர் ஆட்டத்துல, அதுவும் இறுதியில, 122 வித்தியாசம்! அடுத்த வருஷமும் இறுதி வரைக்கும் வந்து அதே சேப்பாக்கிட்ட தோத்தாங்க.

ஆனா உண்மையைச் சொல்லணும். பேர்ல தூத்துக்குடி இருந்ததே தவிர, தூத்துக்குடியில மேட்ச் நடக்கலை. கிட்ட இருந்த மைதானம் திருநெல்வேலி சங்கர் நகர்ல. இங்க இருந்து பசங்க பஸ் பிடிச்சுப் போய்ப் பார்த்துட்டு ராத்திரி திரும்பினாங்க. அப்புறம் அந்த அணியே சேலத்துக்கு மாறி, சேலம் ஸ்பார்டன்ஸ் ஆயிடுச்சு. இந்த ஊருக்குன்னு இருந்த ஒரு கோப்பை எங்க இருக்குன்னு இப்போ யாரும் கேட்கறதில்லை. எனக்கு அதுல ஒரு சின்ன வருத்தம் உண்டு, மறைக்கலை.

அதனாலதான் அந்த 2018 ராத்திரி எனக்கு வேற மாதிரி தெரியுது. தூத்துக்குடி பேரைச் சட்டையில போட்டுக்கிட்டு ஆடின ரெண்டு பேர், கடலுக்கு நேர் எதிர்க்கரையில, ஒருத்தர் பேட்டோட, ஒருத்தர் மறுமுனையில.

இந்தக் கரையில முத்துக்குளிக்கிற காலத்துல ஒரு வழக்கம் சொல்வாங்க. குளிக்கிற ஆள் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு, காலுக்குக் கல்லை வச்சு, மூச்சை அடக்கி அடியில போவார். கயித்தோட மறுமுனை தோணியில இருக்கிறவர் கையில. கீழே இருந்து இழுத்துச் சைகை காட்டினா உடனே மேல தூக்கணும். ஒரு நிமிஷம் அசந்தா ஆள் இல்லை. அந்தக் கயித்தை யார்கிட்டக் கொடுப்பாங்க? மச்சான்கிட்ட. மனைவியோட கூடப்பிறந்தவன்தான் அக்கா தங்கச்சி தாலிக்காகக் கயித்தை விடமாட்டான்னு ஒரு கணக்கு. "மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்"கிற பழமொழியை இந்தப் பக்கத்துக்காரங்க இந்தக் கதையைச் சொல்லித்தான் விளக்குவாங்க. அரசாங்கம் நடத்தின கடைசி முத்துச் சலாபம் 1961-ல. கயிறு பிடிச்ச மச்சான்களோட பேர் எந்தப் பதிவேட்டுலயும் இருக்காது. எவ்வளவு சிப்பி வந்தது, ஏலத்துல ஆயிரம் சிப்பி என்ன விலைக்குப் போச்சுன்னுதான் இருக்கும். அதுவும் மூடின சிப்பிக்கே ஏலம். உள்ள முத்து இருக்கா இல்லையான்னு வாங்கினவனுக்கே தெரியாது.

வாஷிங்டனோட பூஜ்யம் எனக்கு அந்தக் கயிறு மாதிரி. விஜய் சங்கரோட ஓட்டம் இன்னும் அதிகமா. அவுட்டாகப் போற அடின்னு தெரிஞ்சும் நின்னு பார்க்காம ஓடினார். ஓடினதாலதான் கார்த்திக் கடக்க முடிஞ்சது. அந்தக் கடைசிப் பந்து கார்த்திக் கைக்கு வந்ததே ரெண்டு பேரும் கடந்ததாலதான். ஆனா அன்னைக்கு ராத்திரி சமூக ஊடகத்துல விஜய் சங்கருக்குக் கிடைச்சது திட்டு மட்டும்தான். நாலு பந்தை விட்டதுக்கு மீம், 19 பந்துக்கு மீம். நானும் ஒண்ணு ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன், ஒத்துக்கறேன். அடுத்த வருஷம் உலகக் கோப்பை அணியில எடுத்தப்பவும் கிண்டல். அங்க போட்ட முதல் பந்துலயே பாகிஸ்தானோட இமாம்-உல்-ஹக் விக்கெட்டை எடுத்தார். அதுக்கும் பெரிய பாராட்டு ஒண்ணும் இல்லை.

கதை அதோட முடியலை. 2021 நவம்பர் 22, டெல்லி. சையத் முஷ்டாக் அலி டிராபி இறுதி ஆட்டம், மாநில அணிகளுக்கான டி20 போட்டி. தமிழ்நாடு, எதிர்ல கர்நாடகா. 152 ரன் எடுக்கணும். தமிழ்நாட்டுக்குக் கேப்டன் யார் தெரியுமா? விஜய் சங்கர்.

அவர் ஆடி அவுட்டாகி வெளியே உட்கார்ந்துட்டார். உள்ள ஷாருக் கான், ஹிந்தி நடிகர் பேர் வச்ச நம்ம சென்னைப் பையன். கடைசி ஓவர்ல 16 ரன் வேணும். முதல் பந்துலயே சாய் கிஷோர் ஒரு ஃபோர் தட்டிவிட்டார். அவர் அடிப்படையில பந்துவீச்சாளர், ஆனா அந்த ஃபோர் இல்லாம அந்த ஓவர் நகர்ந்திருக்காது. ஒண்ணு, ரெண்டுன்னு சேர்த்துக் கடைசிப் பந்துக்கு வந்து நின்னப்போ தேவை எவ்வளவு?

5 ரன். ஒரு பந்து. கொழும்புல இருந்த அதே கணக்கு.

பிரதீக் ஜெயின் போட்டார். ஷாருக் கான் லெக் சைடுல தூக்கி அடிச்சார். சிக்ஸ். 15 பந்துல 33 நாட் அவுட். தமிழ்நாடு 153, 4 விக்கெட் வித்தியாசம். வித்தியாசம்கூட அதே நாலு. ராஞ்சியோ சென்னையோ எங்கயோ ஒரு அறையில தோனி நின்னுக்கிட்டே டிவியில இந்தக் கடைசிப் பந்தைப் பார்க்கிற போட்டோ ஒண்ணு அன்னைக்குச் சுத்தினது ஞாபகம் இருக்கலாம்.

கோப்பையை வாங்க மேடைக்குப் போனது விஜய் சங்கர். 2018-ல கடைசிக்கு முந்தின பந்துல அவுட்டாகி, கடைசிப் பந்தை வெளியே இருந்து பார்த்தவர், மூணு வருஷம் கழிச்சு மறுபடி வெளியே உட்கார்ந்து அதே 5 ரன்னுக்காக அடிச்ச ஒரு சிக்ஸைப் பார்த்தார். இந்தத் தடவை கேப்டனா.

கேள்வி அனுப்பின நேயருக்கு: ஒட்டானி மாதிரி ஆள் கேட்டீங்க, அரவிந்த டி சில்வா பதில் ஆரம்பத்துலயே சொல்லிட்டேன். ஆனா வேலை முடிஞ்சு காலையில வீட்டுக்குப் போனதும் அந்த நிதஹாஸ் இறுதி ஆட்டத்தோட ஸ்கோர்கார்டைத் திறந்து, இந்தியாவோட கடைசி வரியைப் பாருங்க. வாஷிங்டன் சுந்தர், நாட் அவுட், 0 ரன், 0 பந்து.

அடுத்த எபிசோட் உப்பளத்துல இருந்து. ஹாரன் சத்தம் இருக்காது, காத்துச் சத்தம் இருக்கும். பார்ப்போம்.